படித்த கல்லூரிக்கு உதவப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பொறியியல் முடித்து, வேலையில் ஓரளவு காலூன்றிய பிறகு, படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிறைய பேருக்குத் தோன்றுகிறது. நல்ல எண்ணம். ஆனால் அது பெரும்பாலும் ஆடிட்டோரியத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ என்று முடிந்துவிடுகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பையன், இரண்டு அரியரை வைத்துக்கொண்டு எந்த வேலைக்கு முயலலாம் என்று கேட்க நினைத்திருப்பான். நூறு பேர் நடுவே அதைக் கேட்க அவனுக்கு வாய் வராது. மேடையை மறந்துவிட்டு பத்துப் பேரோடு ஒரு வகுப்பறையில் உட்காருங்கள், அந்தக் கேள்வி தானாக வரும்.

பேசப் போகும் நேரமும் முக்கியம். பலர் ஏழாவது செமஸ்டரில்தான் போகிறார்கள். அதற்குள் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கியிருக்கும், ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் பாஸ் செய்யாத பாடம்) இருப்பவர்களைப் பல நிறுவனங்கள் முதல் சுற்றிலேயே ஒதுக்கியிருக்கும். இரண்டாம் ஆண்டில் போனால் அரியரை முடிக்கவும், ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளவும் அவர்களுக்கு அவகாசம் இருக்கும்.

அடுத்தது, எல்லோரையும் ஐடி பக்கம் தள்ளுவது. சிவில் மாணவியிடம் 'ஜாவா கற்றுக்கொள்' என்று சொல்வது மிக எளிது. அவள் மூன்றாம் ஆண்டிலேயே, எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வு எழுதலாம், அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும், ஐஐடி-யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, பொதுத்துறை நிறுவனங்கள் சில கேட் மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுக்கின்றன. டிஎன்பிஎஸ்சி தேர்வு வழியாகவும் அரசுப் பொறியாளர் பணிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். படித்த துறையிலேயே ஓராண்டு பயிற்சி வேண்டுமென்றால் சென்னை தரமணியில் இருக்கும் அப்ரெண்டிஸ் பயிற்சி வாரியத்தை அணுகலாம். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இருக்காது. நீங்கள் சொல்லும் தகவல் அங்கே ஒரு வேலைக்குச் சமம்.

மாதிரி நேர்காணல் நடத்துகிறவர்கள் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தமிழ்வழியில் படித்து வந்த ட்ரிபிள்-ஈ (மின் மற்றும் மின்னணுப் பொறியியல்) மாணவனிடம், டிசி (நேர்மின்சாரம்) கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் வேலை செய்யாது என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அவன் முழிக்கிறான். 'பேசிக்ஸே தெரியவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அதே கேள்வியைத் தமிழில் கேட்டால், 'டிசி-யில் ஃபிளக்ஸ் மாறாது சார், அதனால் செகண்டரியில் வோல்டேஜ் வராது. பிரைமரியில் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் கரண்டைத் தடுக்கும், காயில் சூடாகி எரிந்துவிடும்' என்று தெளிவாகச் சொல்வான். பாடம் அவனிடம் இருக்கிறது. முதலில் தமிழில் சொல்ல விடுங்கள், அப்புறம் அதையே நாலு சின்ன ஆங்கில வாக்கியங்களாக்கிப் பழக்குங்கள். ஒரு மாதம் வாரம் ஒருமுறை போனில் இதைச் செய்தாலே பேச்சில் தயக்கம் குறைவது தெரியும்.

ரெஸ்யூமே திருத்தும்போதும் அப்படித்தான். எழுத்துப்பிழையைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் போதாது. 'லைன் ஃபாலோயர் ரோபோ' (தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ) என்று ஒரு வரி இருக்கும். நாலு பேர் செய்த ப்ராஜெக்ட், நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள். பேட்டரி இறங்கும்போது சென்சார் தடுமாறியது, வோல்டேஜ் மாறாமல் இருக்க நான்தான் ரெகுலேட்டர் போட்டேன் என்பான். ரெஸ்யூமேயில் இருக்க வேண்டிய வரி அதுதான். பதில் வரவில்லையென்றால் ப்ராஜெக்ட் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கலாம். திட்டிப் பயனில்லை. அடுத்த பேட்ச்சுக்கு உங்கள் தொழிலிலிருந்து ஒரு சின்ன நிஜப் பிரச்சினையை எடுத்துக் கொடுத்து, வைவா (வாய்மொழித் தேர்வு) வரை கூடவே இருங்கள். உரையைவிட இது பலமடங்கு பெரிய உதவி.

பணம் கொடுப்பதாக இருந்தால், அரசு என்ன தருகிறது என்று முதலில் விசாரியுங்கள். கவுன்சலிங்கில் சேர்ந்த முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கின. இவற்றுக்கு வெளியே நிற்பதுதான் உண்மையான இடைவெளி: நிர்வாக ஒதுக்கீட்டில் கடன் வாங்கிச் சேர்ந்தவர்கள், நேர்காணலுக்கு பெங்களூரு போய்வரும் செலவு, லேப்டாப் ரிப்பேர், கடைசித் தேதி நெருங்கும் தேர்வுக் கட்டணம். சில ஆயிரம் ரூபாய் அன்றைக்கே கிடைத்தால் ஒரு செமஸ்டர் தப்பும். ஆண்டு விழாவில் மேடையேற்றிக் கொடுக்கும் பெரிய காசோலைக்கு அந்த வேகம் கிடையாது. அதோடு, சக மாணவர்கள் முன்னால் கைநீட்ட வைத்துப் படம் எடுப்பது அந்தப் பிள்ளையின் மானத்தைத் தொடுகிற விஷயம். துறைத் தலைவர் வழியாக, பெயர் வெளியே தெரியாமல் கட்டணத்தை நேராகக் கட்டிவிடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் கதையே வேறு. சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணமும் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வர வேண்டும். தெரியாமல் அனுப்பினால் மாட்டிக்கொள்வது கல்லூரியில் சங்கத்தை நடத்துகிறவர்கள்.

கடைசியாக, 'ரெஸ்யூமே அனுப்பு, பார்க்கலாம்' என்ற வாக்கு. சொல்பவர் மறுநாளே மறந்துவிடுவார், அந்தப் பையன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருப்பான். உங்கள் நிறுவனத்தில் ஃபிரெஷர் எடுக்கவில்லை என்றால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை கிடைக்காமல் மாதங்கள் ஓடும்போதுதான் டெபாசிட் கேட்கும் போலி ஏஜென்சிகள் இந்தப் பிள்ளைகளைத் தேடி வருகின்றன. வேலையில் சேர யாராவது பணம் கேட்டால், கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய் என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். போன் வந்தால் எடுங்கள்.