டயோனிசஸ்: ஒரு கிரேக்கத் தெய்வத்தின் பெயருக்கு வேர் காண்பது எப்படி?

கிரேக்கப் புராணப் பெயர் ஒன்றின் பொருளைத் தேடும்போது, முதலில் கிடைக்கும் ஒற்றை வரி விளக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. மதுவுக்கும் நாடகத்துக்கும் உரிய தெய்வமான டயோனிசஸின் பெயரை வைத்தே இதற்கான வழியைப் பார்க்கலாம்.

முதலில், ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த உச்சரிப்பை விட்டுவிட்டு, ‘தியோனூசோஸ்’ என்னும் கிரேக்க வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோமானியர் வழங்கிய ‘பாக்கஸ்’ இத்தெய்வத்தின் மற்றொரு பெயரிலிருந்து வந்தது என்பதால், அதை இந்த ஆய்வில் கலக்க வேண்டாம்.

அடுத்து, கிடைப்பவற்றுள் மிகப் பழைய எழுத்துச் சான்றைத் தேடுங்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. இவர் திரேஸ் போன்ற வெளிநாட்டிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த தெய்வம் என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதிவந்தனர். ஆனால், கிரேக்க மொழியை எழுதப் பயன்பட்ட மிகப் பழைய எழுத்தான ‘லீனியர் பி’யை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்த பிறகு, பைலோஸ் நகரக் களிமண் பலகைகளில் ‘தி-வோ-னு-சோ’ என்ற பெயர் தென்பட்டது. கிரீட் தீவின் கானியாவில் கிடைத்த, கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பலகை ஒன்றோ, கிரேக்கத் தெய்வங்களின் தலைவரான சியூஸுக்கு ஒரு சாடித் தேனும் டயோனிசஸுக்கு இரண்டு சாடித் தேனும் படைக்கப்பட்டதைப் பதிந்திருக்கிறது. ஒரு கணக்கரின் இந்தச் சிறு குறிப்பு, புராணக் கதைகள் அனைத்தையும்விட உறுதியான சான்று என்பேன்.

பிறகு பெயரைப் பிரித்துப் பாருங்கள். பழைய வடிவத்தில் நிற்கும் ‘திவோ’, ‘சியூஸினுடைய’ எனப் பொருள்படும் வேற்றுமை வடிவத்தோடு ஒத்துப்போகிறது. பிற்காலக் கிரேக்கத்தில் வகர ஒலி மறைந்ததால் அது ‘தியோ’ ஆயிற்று. ஒளிரும் வானத்தைக் குறிக்கும் இதே வேரிலிருந்துதான் வேதத்தின் வான் தெய்வமான ‘த்யௌஸ்’ என்ற பெயரும் வந்தது. ‘நூசோஸ்’ என்னும் பின்பகுதியை, இத்தெய்வம் வளர்ந்ததாகச் சொல்லப்படும் நீசா மலையோடு சிலரும், ‘மகன்’ என்னும் பொருளோடு வேறு சிலரும் இணைத்தனர், இரண்டும் நிறுவப்படவில்லை. நீசா எங்கே இருந்தது என்பதிலேயே பண்டையோர் உடன்படவில்லை: அலெக்சாந்தரின் படையினர் அதைச் சிந்து நதிப் பக்கத்தில் கண்டதாகக்கூட நம்பினர்.

பண்டையோர் தந்த விளக்கங்களைத் தனியே எழுதி வையுங்கள். பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் இப்பெயரை ‘மது கொடுப்பவர்’ என்று விளையாட்டாகப் பிரிக்கிறார். அது அக்காலக் கிரேக்கர் இத்தெய்வத்தை எவ்வாறு எண்ணினர் என்பதற்குச் சான்றாகுமே தவிர, பெயரின் பிறப்புக்குச் சான்றாகாது.

இறுதியாக முடிவை எழுதும்போது, முன்பகுதி சியூஸைச் சுட்டுவது பெரும்பாலோர் ஏற்பது என்றும், பின்பகுதி தீராதது என்றும் பிரித்தே எழுதுங்கள்.