உங்கள் வார்டு வரைபடத்தை நீங்களே செய்யலாம்: மழைநீர் தேங்கும் இடங்களைக் குறிக்க ஒரு செய்முறை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகும் எங்கள் வேளச்சேரிப் பக்கம் பல தெருக்களில் தண்ணீர் வடியவில்லை. அதன் பின் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து தங்கள் தெருவைப் பற்றிச் சொன்னோம். "அந்த பேக்கரி முக்குல", "பழைய ரேஷன் கடைக்குப் பின்னாடி" என்றுதான் எல்லோருக்கும் சொல்ல வந்தது. குறிப்பெடுத்தவர் வெளியூர்க்காரர். எந்த பேக்கரி, எந்த முக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஏ3 தாளில் வார்டு வரைபடத்தை அச்சிட்டுக்கொண்டு போனேன். தண்ணீர் நின்ற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் எத்தனை நாள் நின்றது என்ற எண். அன்றைக்குப் பேச்சே வேறு மாதிரி போனது. "இந்த நாலு புள்ளியும் ஒரே வாய்க்கால் ஓரமாத்தானே வருது" என்று ஒரு பெரியவர் விரல் வைத்துக் காட்டினார். அந்தத் தாளை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சென்னையை வைத்து எழுதினாலும் எந்த மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் இந்த முறை பொருந்தும்.

மென்பொருள்

கியூஜிஐஎஸ். கணினியில் வரைபடம் செய்யும் மென்பொருள், இலவசம், திறந்த மூலம். தளத்தில் இரண்டு பதிப்புகள் இருக்கும். நீண்டகால ஆதரவுப் பதிப்பை இறக்குங்கள். புதிய பதிப்பில் வசதிகள் கூடுதல், ஆனால் முதல்முறை கற்பவருக்கு நிலையாக இருப்பதுதான் முக்கியம். கூகுள் மை மேப்ஸில் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். நாலைந்து புள்ளி குத்த அது போதும். வார்டு எல்லைக்கு உள்ளே என்ன இருக்கிறது, வாய்க்காலிலிருந்து 100 மீட்டருக்குள் எத்தனை புள்ளி என்று கணக்குப் போட வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ்தான் வேண்டும்.

படி 1: வார்டு எல்லைக் கோப்பு

சென்னை வார்டு எல்லைகள் ஓபன்சிட்டி தளத்தில் கிடைக்கும். டேட்டாமீட் குழுவின் கிட்ஹப் பக்கத்தில் பல நகரங்களின் எல்லைகள் இருக்கின்றன. கேஎம்எல் அல்லது ஜியோஜேசன் கோப்பாக இறக்கி, கியூஜிஐஎஸ் திரையில் இழுத்துப் போட்டால் திறந்துவிடும்.

கேஎம்எல்லாக இறக்கினால், வார்டு எண், மண்டலம் எல்லாம் தனித்தனிப் பத்தியாக வராமல் 'டிஸ்கிரிப்ஷன்' என்ற ஒரே பத்தியில் குப்பையாக விழுந்து கிடக்கலாம். இரண்டு வடிவமும் இருந்தால் ஜியோஜேசனையே எடுங்கள்.

உங்கள் வார்டை மட்டும் தேர்ந்தெடுத்து, லேயரில் (திறந்த ஒவ்வொரு கோப்பும் வரைபடத்தில் ஒரு அடுக்கு, அதுதான் லேயர்) வலது சொடுக்கி, 'எக்ஸ்போர்ட்', 'சேவ் செலக்டட் ஃபீச்சர்ஸ் ஆஸ்' கொடுங்கள். வடிவம் கேட்கும்போது ஜியோபேக்கேஜ் என்று கொடுங்கள். ஷேப்ஃபைல் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்; தமிழில் வேலை செய்பவர்களுக்கு அது முக்கியமான காரணம்.

படி 2: இங்கேதான் எனக்கு இரண்டு நாள் போனது

வாய்க்காலைச் சுற்றி 100 மீட்டர் பட்டை போட 'பஃபர்' கருவியைத் திறந்தேன். தூரத்துக்கான கட்டத்தில் மீட்டர் இல்லை, 'டிகிரீஸ்' என்று இருந்தது. நம் கோப்பு அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் இருக்கிறது. அந்த முறைக்கு இபிஎஸ்ஜி 4326 என்று எண். அதில் 100 என்று கொடுத்தால் 100 பாகை. உலகத்தில் பெரும்பகுதியை மூடிவிடும்.

மீட்டர் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று புரிந்தது. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறைக்கு யூடிஎம் என்று பெயர். சென்னைக்கு அது யூடிஎம் 44 வடக்கு, எண் 32644. லேயரை வலது சொடுக்கினேன், 'செட் லேயர் சிஆர்எஸ்' கண்ணில் பட்டது (சிஆர்எஸ் என்றால் இடத்தை எந்த முறையில் அளக்கிறோம் என்பது), 32644 கொடுத்தேன். வார்டு திரையிலிருந்தே மறைந்துவிட்டது. 'ஜூம் டு லேயர்' கொடுத்துப் பார்த்தால், கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தள்ளி, நிலநடுக்கோட்டின் மேல் இந்தியப் பெருங்கடலில் கிடக்கிறது. அதுவும் முழு வார்டும் சேர்ந்து இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில்.

நடந்தது இதுதான். படியால் அளந்த அரிசி மூட்டையில் 'கிலோ' என்று எழுதி ஒட்டினால் எடை மாறிவிடாது. 'செட் லேயர் சிஆர்எஸ்' செய்வது அந்தச் சீட்டை ஒட்டும் வேலை மட்டும். உள்ளே இருக்கும் எண்கள் 80, 13 என்று அப்படியே இருக்கின்றன. அவற்றை 80 மீட்டர், 13 மீட்டர் என்று மென்பொருள் படித்துக்கொள்கிறது. மறுபடி அளந்து கொட்டும் வேலை வேறு கருவியில் இருக்கிறது: 'பிராசசிங் டூல்பாக்ஸ்' திறந்து 'ரீபுரொஜெக்ட் லேயர்' என்று தேடுங்கள். அதில் 32644 கொடுத்தால் புதிய லேயர் ஒன்று வரும். அதை ஜியோபேக்கேஜாகச் சேமித்துக்கொண்டு, இனி கணக்கெல்லாம் அதில் போடுங்கள்.

ஏற்கெனவே சீட்டை மாற்றி ஒட்டிவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். அதே 'செட் லேயர் சிஆர்எஸ்'ஸில் 4326 கொடுத்துப் பழைய சீட்டையே ஒட்டுங்கள். பிறகு 'ரீபுரொஜெக்ட்' செய்யுங்கள்.

சரியாக மாறியதா என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 200 வார்டுகளையும் 'ரீபுரொஜெக்ட்' செய்து பரப்பைக் கூட்டினால் அதன் அருகில் வர வேண்டும். 0.03 என்ற மாதிரி வந்தால் இன்னும் பாகையிலேயே இருக்கிறீர்கள். இதிலும் ஒரு பொறி: 'ஃபீல்டு கால்குலேட்டர்'இல் டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து, லேயர் பாகையில் இருந்தாலும் பொதுவாகச் சதுர மீட்டரிலேயே விடை சொல்லிவிடும். அடைப்புக்குறியோடு வரும் ஏரியா செயற்கூறு, லேயர் எந்த அலகில் இருக்கிறதோ அதிலேயே சொல்லும். சோதனைக்கு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

(இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்தியாவை முக்கோணங்களாக அளந்த மாபெரும் நில அளவை தொடங்கியது எங்கள் பக்கத்தில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைச் சமவெளியில் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய 12 கிலோமீட்டரைச் சங்கிலி போட்டு அளந்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. பரங்கிமலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்கிலிதான் நினைவுக்கு வரும்.)

பின்சேர்க்கை: கோவையிலிருந்து ஒரு வாசகி, 32644 கொடுத்தேன், சரியா என்று கேட்டிருந்தார். இல்லை. யூடிஎம் மண்டலம் 78 பாகைத் தீர்க்கரேகையில் மாறுகிறது, அந்தக் கோடு தமிழ்நாட்டின் நடுவே போகிறது. சென்னை, திருச்சி, சேலம், மதுரை கிழக்கே இருப்பதால் 32644. கோவை, ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் மேற்கே இருப்பதால் 32643. முதலில் எழுதியபோது இதைக் குறிப்பிடாதது என் தவறு.

படி 3: தெருவும் வாய்க்காலும்

'பிளகின்ஸ்' பகுதியில் குயிக்ஓஎஸ்எம் நிறுவுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் வரைந்து வைத்ததை நேரே கொண்டுவந்து தரும். 'கீ' கட்டத்தில் ஹைவே என்று கொடுத்தால் தெருக்கள், வாட்டர்வே என்றால் கால்வாய்கள். 'கீ'யில் நேச்சுரல், 'வேல்யூ'வில் வாட்டர் என்றால் ஏரி குளங்கள். (இவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.) பகுதிக்கு 'லேயர் எக்ஸ்டென்ட்' தேர்ந்து உங்கள் வார்டைக் காட்டுங்கள். அது செவ்வகமாகவே எடுக்கும், பக்கத்து வார்டுத் தெருக்களும் சேர்ந்து வரும். 'கிளிப்' கருவியால் வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு இவற்றையும் 'ரீபுரொஜெக்ட்' செய்ய மறக்க வேண்டாம்.

சின்ன மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் அதில் இருக்காது. தெரிந்தவர்கள் நீங்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகலெடுப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. நடந்துபோய்ப் பார்த்து வரையுங்கள்.

படி 4: புள்ளிகள் சேகரிப்பது

கியூஃபீல்டு என்ற செயலி அருமையானது, இணையம் இல்லாமலும் இயங்கும். ஆனால் தெருவில் இருபது பேரை அதைப் போட வைப்பது நடக்காது. தெரு வாட்ஸ்அப் குழுவில் "தண்ணி நின்ற இடத்துக்கே போய் நின்னு லொகேஷன் அனுப்புங்க" என்று கேட்டேன். 'போய் நின்னு' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். முதல் தடவை பாதிப் பேர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடியே அனுப்பினார்கள்.

வந்ததை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் நான்கு பத்திகளாகத் தட்டினேன்: இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, நின்ற நாள்கள். சிஎஸ்வியாகச் சேமித்து, 'ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' வழியாக உள்ளே எடுக்க வேண்டும். எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகை (80 என்று தொடங்குவது), ஒய் கட்டத்தில் அட்சரேகை (12 அல்லது 13). நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்வதால் கை தானாக மாற்றிப் போடும். மாறிப்போனால் உங்கள் தெரு நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் இருக்கும். புள்ளியே காணவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள். இந்த லேயரின் சிஆர்எஸ் 4326. உள்ளே வந்ததும் 'ரீபுரொஜெக்ட்'.

படி 5: தமிழ் எழுத்து

ஷேப்ஃபைல் வேண்டாம் என்றேன் அல்லவா? அதன் அட்டவணை 'டிபிஎஃப்' என்ற பழைய வடிவம். பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்டுகள்தான் இடம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் ('தெ' என்பதில் 'த' ஒரு குறி, கொம்பு இன்னொரு குறி) மூன்று பைட்டுகள் வேண்டும். அதாவது மூன்று குறிகள்தான் உள்ளே போகும். 'தெருப்பெயர்' என்ற தலைப்பு 'தெர' என்று நின்றுவிடும். உள்ளே இருக்கும் பெயர்களுக்கும் இதே கதி வரலாம். திருவல்லிக்கேணி நமக்கு எட்டு எழுத்து. கணினிக்கு அது 15 குறிகள், 45 பைட்டுகள். பத்தியின் அகலம் 40 என்று வைத்திருந்தால் பெயரின் வால் அறுந்துவிடும். சரியான குறியாக்கம் குறிக்கப்படாவிட்டால் எல்லாமே கேள்விக்குறியாகவும் வரலாம். இரவெல்லாம் தட்டிய பெயர்ப் பட்டியல் இப்படிச் சிதைந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

சிஎஸ்வியை எக்செல்லில் நேரே திறந்தாலும் தமிழ் சிதையக்கூடும். லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே எந்தக் குறியாக்கம் என்று கேட்கும், யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடலாம். எக்செல்தான் பழக்கம் என்றால் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

பின்சேர்க்கை: அலுவலகத்தில் வாங்கிய தெருப் பட்டியலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பெரும்பாலும் வானவில் அல்லது பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டியதாக இருக்கும். எழுத்துருமாற்றி ஏதாவது ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றிய பிறகு உள்ளே எடுங்கள். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

படி 6: அச்சு

வாய்க்காலுக்கு 'பஃபர்' 100 மீட்டர், பிறகு 'கவுண்ட் பாயிண்ட்ஸ் இன் பாலிகன்'. எத்தனை புள்ளிகள் வாய்க்காலை ஒட்டி என்று எண் வரும். 'நியூ பிரிண்ட் லேஅவுட்' திறந்து ஏ3 தாள் வைத்து, அளவுகோல், வடக்கு அம்பு, தேதி போடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவமாக ஏற்றும் தேர்வு, அதாவது 'டெக்ஸ்ட்ஸ் ஆஸ் பாத்ஸ்', அப்படியே இருக்கட்டும். அச்சுக் கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற கவலை போகும். ஓரத்தில் 'ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று நன்றி போடுவது உரிமத்தின் நிபந்தனை.

தரைமட்ட உயரத்தையும் சேர்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர், உயரத்தில் சில மீட்டர் பிழை. சென்னை போன்ற தட்டை ஊரில் தெருவில் அரை அடித் தாழ்வுதான் தண்ணீரை நிறுத்துகிறது. அந்தத் தரவை வைத்துத் தெருவைப் பற்றி எதையும் சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை, இதை அவசியம் படியுங்கள்: என் வரைபடத்தில் இரண்டு தெருக்கள் பக்கத்து வார்டுக்குள் விழுகின்றன என்று ஒரு வாசகர் சுட்டினார். தேடிப் பார்த்ததில் நான் முதலில் இறக்கியது பழைய எல்லை. சென்னையில் 155 வார்டுகள் இருந்தன. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 200 ஆயின. 2022 பிப்ரவரித் தேர்தலுக்கு முன் எல்லைகள் மறுவரையறை செய்யப்பட்டன, ஆனால் எண்ணிக்கை அதே 200. எனவே கோப்பில் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வார்டின் விளிம்பில் உள்ள நாலு தெருக்களை எடுத்துக்கொண்டு, 2022 தேர்தலுக்கான வார்டு வாக்காளர் பட்டியலில் அவை எந்த வார்டு என்று பாருங்கள். நாலும் பொருந்தினால் கோப்பு புதியது. ஒன்று தவறினாலும் அந்தக் கோப்பை விட்டுவிட்டு வேறு தேடுங்கள். கீழே இணைத்துள்ள என் வரைபடத்தைப் புதிய எல்லையில் மறுபடி வரைந்து மாற்றிவிட்டேன்.