ஹார்ட் டிஸ்க் இடையிடையே உறைந்து நிற்கிறதா? முதலில் லாகைப் பாருங்கள்

லினக்ஸ் கணினியில் ஹார்ட் டிஸ்க் திடீரென்று அரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "டிஸ்க் போச்சு அண்ணே." பல நேரம் போயிருக்காது.

அந்த அரை நிமிடத்துக்கே காரணம் உண்டு. கொடுத்த கட்டளைக்கு டிஸ்க்கிடமிருந்து பதில் வராவிட்டால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். அப்புறம்தான் இணைப்பை ரீசெட் செய்யும். அதுவரை அந்த டிஸ்க்கைத் தொட்ட புரோகிராம் ‘டி’ நிலையில், அதாவது டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கும் நிலையில், மாட்டிக்கொள்ளும். புரோகிராமைக் கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 கட்டளையைக் கொடுத்தாலும் சாகாது.

முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்யும் முன், கெர்னலின் லாகை (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவை) காட்டும் டிமெசேஜ் கட்டளை தருவதை முழுதாக ஒரு கோப்பில் சேமியுங்கள், அதுவும் வேறு டிஸ்க்கில். பிறகு அதில் ‘ஃபெயில்டு கமாண்ட்’ என்ற வரியைத் தேடுங்கள். அதற்குக் கீழே ‘எரர்’ என்று சுருள் அடைப்புக்குள் வருவதுதான் நமக்கு வேண்டியது. ‘யுஎன்சி’ என்றிருந்தால் டிஸ்க்கின் தட்டிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது. ‘ஐசிஆர்சி’ என்றிருந்தால் தரவு வழியில் கெட்டிருக்கிறது, கேபிளைச் சந்தேகியுங்கள். இரண்டும் இல்லாமல் வெறும் ‘டைம்அவுட்’ என்றால் மின்சாரம், மின்சேமிப்பு அமைப்பு என்று தேட வேண்டும்.

அடுத்து ஸ்மார்ட்சிடிஎல், டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்குகளைக் காட்டும் கட்டளை. அது காட்டும் அட்டவணையில் 199ஆம் வரி (தொடக்கத்தில் 199 என்ற எண் உள்ள வரி) கேபிள் பிழைகளின் எண்ணிக்கை. கேபிளை மாற்றினாலும் இந்த எண் குறையாது. அதைப் பார்த்துப் பதறி நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, சில பெரிய கோப்புகளைப் படிக்கவிட்டு மறுபடி பாருங்கள். ஏறவில்லையா, சரி, வேலை முடிந்தது. கேபினெட்டின் பக்க மூடி டிஸ்க்கின் பின்புறம் கேபிளை அழுத்துகிறதா என்றும் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத பழைய கேபிள் தலை அந்த அழுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வெளியே பார்க்க மாட்டியிருப்பதுபோலத்தான் இருக்கும்.

மின்சாரச் சந்தேகத்துக்கு 12ஆம் வரி: டிஸ்க் எத்தனை முறை மின்சாரம் பெற்றுத் தொடங்கியது என்ற கணக்கு. நீங்கள் கணினியை அணைக்காமலே அது ஏறினால், டிஸ்க்குக்கு நடுவில் மின்சாரம் அறுந்திருக்கிறது. மின்சாரம் திடீரென்று போனதை எண்ணும் 192ஆம் வரியும் பெரும்பாலும் கூடவே ஏறும். ஒரே வயரிலிருந்து பல டிஸ்க்குகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைக் கழற்றி, பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் வேறு வயரில் மாட்டிப் பாருங்கள். இந்த ஸ்ப்ளிட்டர்களை நான் நம்புவதே இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் டைம்அவுட் வருகிறதென்றால், சாட்டா இணைப்பின் (டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்பின்) மின்சேமிப்புக் கொள்கையை ‘மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’ என்று வையுங்கள். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் லாகில் ‘யுஏஎஸ்’ (யுஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் முறை) என்ற பெயர் பிழையோடு வருகிறதா பாருங்கள். வந்தால் அந்தப் பெட்டிக்கு மட்டும் யுஏஎஸ்ஸை நிறுத்தும்படி கெர்னலுக்குச் சொல்லலாம். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

படிக்க முடியாமல் நிற்கும் இடங்களை எண்ணும் 197ஆம் வரி பூஜ்யத்தைத் தாண்டி, லாகிலும் யுஎன்சி வந்தால் மட்டும் கேபிள் ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். அந்த டிஸ்க்கில் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டவே கூடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது எழுதத் தொடங்கிவிடும். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விடுவித்து), பழுதான டிஸ்க்கிலிருந்து மீட்கும் டிடிரெஸ்க்யூ புரோகிராமில், எதுவரை நகல் எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு புதிய டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். நடுவில் டிஸ்க் மறுபடி நின்றாலும், அந்தக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்படி நின்று திரும்பும்போது லினக்ஸ் அந்த டிஸ்க்குக்கு வைத்த பெயர் எஸ்டிஏ என்றிருந்தது எஸ்டிபி ஆகியிருக்கலாம். தொடரும் முன் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். மூலமும் நகலும் இடம் மாறினால் மிச்சமிருப்பதும் அழிந்துவிடும்.