மெஷின் ஓடுகிறது, உற்பத்தி ஏன் குறைகிறது? ஓ.இ.இ. சரிவைச் சரிசெய்யும் வழி

ஓ.இ.இ. (Overall Equipment Effectiveness), அதாவது மெஷின் எவ்வளவு திறம்பட உழைக்கிறது என்று காட்டும் சதவீத எண், மாதாமாதம் இறங்கினால் பல தொழிற்சாலைகளில் முதலில் கூட்டம் போடுவார்கள். அடுத்து, புது மெஷின் வாங்கலாமா என்ற பேச்சு எழும். இரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்ற சூப்பர்வைசர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எண்ணைப் பிரியுங்கள்

ஓ.இ.இ. என்பது இயங்கிய நேரம், வேகம், தரம் ஆகிய மூன்று விகிதங்களின் பெருக்கல். ஒரு ஷிப்ட் 480 நிமிடம் என்று வையுங்கள். இடைவேளை 30 போனால் திட்டமிட்ட நேரம் 450. பிரேக்டவுனும் செட்டிங் மாற்றமும் (அடுத்த பொருளுக்காக மெஷினை மாற்றி அமைப்பது) 63 நிமிடத்தை விழுங்கிவிட்டன. ஓடியது 387 நிமிடம், அதாவது 86 சதவீதம். ஒரு பொருளுக்கு 30 விநாடி என்றால் அந்த நேரத்தில் 774 வந்திருக்க வேண்டும். வந்ததோ 650, வேகம் 84 சதவீதம். அவற்றில் முதல் தடவையிலேயே தேறியவை 637. தரம் 98 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 71.

இந்த 71-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சரிவு தொடங்குவதற்கு முன் இதே மெஷினில் அந்த மூன்று விகிதங்களும் எவ்வளவு இருந்தன என்று பக்கத்தில் எழுதுங்கள். எது விழுந்திருக்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை. ஆபரேட்டர் உட்பட எல்லோரும் சேர்ந்து மெஷினைப் பராமரிக்கும் டி.பி.எம். (Total Productive Maintenance) முறையை வளர்த்த ஜப்பானியர் செய்ச்சி நகாஜிமா முன்வைத்த 85 சதவீதம் நல்ல இலக்குதான். ஆனால் சரிவின் காரணத்தை அது காட்டாது. மெஷினின் பழைய கணக்குதான் காட்டும்.

ஓர் எச்சரிக்கை. "இப்போதெல்லாம் 35 விநாடி ஆகிறது" என்று அடிப்படை வேகத்தைத் திருத்திவிடாதீர்கள். ஏட்டில் எண் ஏறும், பொருள் ஒன்றுகூட அதிகமாக வராது.

படி 2: மெஷின் பக்கத்தில் நில்லுங்கள்

மேலே உள்ள கணக்கையே மறுபடி பாருங்கள். 650 பொருள் செய்ய 325 நிமிடம் போதும். மெஷின் ஓடியதாகப் பதிவாகியிருப்பது 387. மீதி 62 நிமிடம் எங்கே போனது? பிரேக்டவுனுக்கும் செட்டிங்குக்கும் போன நேரத்துக்கு இது கிட்டத்தட்ட சமம். ஆனால் லாக் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது.

பெரும்பாலும் அது சின்னச் சின்ன நிறுத்தங்களில் கரைந்திருக்கும். கன்வேயர் ஓரத்து சென்சாரில் தூசி படிகிறது, பொருள் இல்லை என்று நினைத்து மெஷின் நிற்கிறது. ஆபரேட்டர் விரலால் துடைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறார். 20 விநாடிதான். ஒரு ஷிப்டில் இப்படி 90 தடவை நின்றால் அரை மணி நேரம் காலி! இரண்டு மணி நேரம் அங்கேயே நின்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். காரணத்தை ஆபரேட்டரிடமே கேளுங்கள். ஏன் இதுவரை எழுதவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குற்றம் சாட்டுவதாக அவருக்குத் தோன்றினால் அடுத்த நாளிலிருந்து உங்களுக்கு உண்மையான தகவல் வராது. அந்த மெஷினை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

படி 3: துடைத்தல், எண்ணெய், முறுக்குதல்

காரணப் பட்டியலைப் பார்த்தவுடன் உதிரிபாகம் ஆர்டர் செய்ய வேண்டாம். மெஷினை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, முழுவதும் துடையுங்கள். துடைக்கும்போதுதான் எண்ணெய்க் கசிவும் விரிசலும் ஆடும் போல்ட்டும் கண்ணில் படும். போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்கிய பிறகு, அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்டால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். பிற்பாடு அது தளர்ந்தால் கோடு விலகி நிற்கும்; நடந்துபோகிறவர்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

தூசியைத் துடைப்பதோடு நிற்காமல், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி அங்கே மூடி போடுங்கள்.

படி 4: ஒரு நேரத்தில் ஒரு காரணம்

கோடுகள் அதிகம் விழுந்த காரணத்தை முதலில் எடுங்கள். செட்டிங் மாற்றம்தான் நேரத்தைத் தின்கிறது என்றால், மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளைப் பிரித்து வெளியே எடுங்கள்: டூல் எடுத்து வைப்பது, டையை (வடிவம் கொடுக்கும் அச்சு) சூடாக்குவது போன்றவை.

ஒரு மாற்றம் செய்தபின் இரண்டு வாரம் அதே மூன்று விகிதங்களைக் குறித்து வாருங்கள். வேகம் ஏறித் தரம் இறங்கியிருந்தால் அந்த மாற்றத்தை அப்படியே விட்டுவிடாமல் ஆபரேட்டருடனும் மெயின்டனன்ஸ் ஆட்களுடனும் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். தரம் குறையாமல் வேகம் ஏறியிருந்தால், புதிய முறையை மெஷினிலேயே தொங்கும் சோதனைத் தாளில் எழுதிவிட்டு, பட்டியலின் இரண்டாவது காரணத்துக்குப் போங்கள்.