காட் ஆஃப் வார்: தடைக்காலத்தில் நிதானமாக ஆடி முடிக்க ஒரு வழி

ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை பாம்பனில் விசைப்படகுக்காரர்களுக்குக் கடல் வேலை கிடையாது. வலை பார்ப்போம், இஞ்சினைப் பிரிப்போம், படகுக்குப் பெயிண்ட் அடிப்போம். பொழுது சாய்ந்த பிறகு நேரம் நிறையவே இருக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் நானும் என் அத்தை மகனும் ‘காட் ஆஃப் வார்’ ஆட்டத்தை முடித்தோம். பிளேஸ்டேஷன் 4க்கு 2018 ஏப்ரலில் வந்தது, 2022 ஜனவரியில் கணினிக்கும் வந்துவிட்டது. கிரேக்கக் கடவுள்களை அழித்துவிட்டு வடக்கே ஓடிவந்த க்ரேட்டோஸ், செத்துப்போன மனைவியின் சாம்பலை எல்லாவற்றிலும் உயரமான சிகரத்தில் தூவுவதற்காக மகன் அட்ரேயஸைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். கதை அவ்வளவுதான். வழியில் எதிர்ப்படுவது முழுக்க நார்ஸ் புராணம், அதாவது பழைய ஸ்காண்டிநேவியக் கடவுள் கதைகள்.

அதற்கு முந்தைய வருடமே இந்த ஆட்டத்தை ஒருமுறை தொடங்கி, ஹெல்ஹைம் என்ற பனி உலகத்தோடு சலித்துப்போய் விட்டுவிட்டேன். கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடியது என் தப்பு. இரண்டாவது தடவை எப்படி ஆடினேனோ அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் மெஷினைக் கவனியுங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பழைய பிஎஸ்4 வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எச்டிஎம்ஐ சொருகும் இடத்தில் பச்சை பூத்திருந்தது, ஃபேன் இரைச்சல் தாங்க முடியவில்லை. வாங்கும்போதே டார்ச் அடித்து எல்லாத் துளைகளையும் பாருங்கள். வீட்டில் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஆடி முடித்து, சூடு ஆறிய பிறகு ஒரு பருத்தித் துணியால் மூடுங்கள். ஆடும்போது மட்டும் மூடவே கூடாது. கச்சான் காற்று எடுக்கிற மாதங்களில் எங்களுக்குக் கரண்ட் அடிக்கடி போகும். அதனால் ரெஸ்ட் மோடில், அதாவது அரைத்தூக்க நிலையில், விட்டுவிட்டுத் தூங்காமல் முழுதாக அணைத்துவிடுங்கள். ஆட்டம் தானாகவே அங்கங்கே சேமித்துக்கொள்ளும் என்றாலும், சண்டை இல்லாத நேரத்தில் நீங்களும் ஒருமுறை கையால் சேமிப்பது நல்லது.

கணினியில் ஆடுகிறவர்கள் 70 ஜிபி இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும்.

அடுத்தது எழுத்து. இந்த ஆட்டத்தில் தமிழ்க் குரலோ தமிழ் வரியோ கிடையாது. அதிகம் பேசுகிற மீமிர் என்ற பாத்திரம் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசுவார், முதல் இரண்டு நாள் எனக்குப் பாதிதான் புரிந்தது. வசன வரியைப் போட்டுக்கொள்ளுங்கள், யார் பேசுகிறார் என்ற பெயரையும் சேர்த்துப் போடுங்கள். வந்த புதிதில் எழுத்து மிகச் சின்னதாக இருக்கிறது என்று உலகம் முழுக்கப் புகார் வந்தது. அப்புறம் அப்டேட்டில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி கொடுத்தார்கள். வட்டை மட்டும் போட்டு ஆடாமல், யாருடைய செல்போன் நெட்டையாவது வாங்கி அப்டேட் செய்துவிடுங்கள்.

கடினம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கும்போது இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு நிலைகள் உண்டு. முதல் மூன்றை நடுவில் மாற்றிக்கொள்ளலாம். நான்காவதை எடுத்தால் கடைசிவரை அதுதான். புதிதாக வருகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, கோடரிக்கு வருவோம். இந்த ஆட்டத்தின் உயிர் லெவியாத்தன் கோடரிதான். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் எல்2 பொத்தானைப் பிடித்துக் குறிவைத்து, ஆர்2 அழுத்தி எறிகிறீர்கள். அது போய் மரத்திலோ எதிரியின் நெஞ்சிலோ பதிந்து நிற்கும். முக்கோணப் பொத்தானை அழுத்தினால் காற்றைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்து உள்ளங்கையில் விழும். விழும் அந்தக் கணத்தில் கையிலிருக்கும் கன்ட்ரோலர் ஒருமுறை அதிரும். கடலில் பெரிய மீன் தூண்டிலைப் பிடித்ததும் கைக்கு ஒரு வெட்டு வரும் இல்லையா, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. தொடக்கத்தில் அரைமணி நேரம் சண்டை எதுவும் போடாமல் எறிந்து எறிந்து வாங்கிப் பழகுங்கள். மூன்று விஷயம் கைக்கு வர வேண்டும். காலைக் குறிவைத்து எறிந்தால் எதிரி தடுக்கி விழுவான். திரும்பி வரும் கோடரியும் வழியில் நிற்பவனை வெட்டும், ஆகவே எதிரியை உங்களுக்கும் கோடரிக்கும் நடுவில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். அப்புறம், ஒருவனைக் கோடரியால் உறைய வைத்துவிட்டு, அதை அங்கேயே விட்டு, மற்றவனை வெறுங்கையால் அடியுங்கள். கையடியில் எதிரியின் திகைப்பு (ஸ்டன்) அளவு சீக்கிரம் ஏறும். அது நிரம்பியதும் ஆர்3 அழுத்தி ஒரே பிடியில் முடித்துவிடலாம். பனி பூசிய உடம்போடு வருகிற ஹெல் வாக்கர்களிடம் கோடரியின் குளிர் எடுபடாது, அவர்களுக்குக் கைதான். பாதி ஆட்டத்தில் கிடைக்கும் இன்னொரு ஆயுதம் அவர்களுக்காகவே வந்த மாதிரி இருக்கும். அது என்னவென்று சொல்ல மாட்டேன்.

பையனை மறந்துவிடாதீர்கள். சதுரப் பொத்தானை அழுத்தினால் அட்ரேயஸ் அம்பு விடுவான். அவன் அம்பும் திகைப்பை ஏற்றும். முதல்முறை ஆடியபோது நான் அந்தப் பொத்தானையே தொடவில்லை, தனியாகவே மல்லுக்கட்டினேன். அது இரண்டு பேர் சண்டை என்று அப்புறம்தான் உறைத்தது.

இனி ஒரு குறை. கேமரா க்ரேட்டோஸின் தோளை ஒட்டியே நிற்கும், பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். முதல் காட்சியிலிருந்து கடைசி வரை எங்கும் வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டும் என்று இயக்குநர் கோரி பார்லாக் எடுத்த முடிவின் விலை இது. கதைக்கு அது பெரிய பலம், கூட்டச் சண்டையில் தொந்தரவு. சமாளிக்க வழி உண்டு. க்ரேட்டோஸைச் சுற்றி அம்புக்குறிகள் மின்னும். சிவப்பு என்றால் அடி வருகிறது, ஊதா என்றால் ஏதோ எறிகிறான். திசைப் பொத்தானில் கீழே அழுத்தினால் சட்டென்று பின்னால் திரும்பலாம். எல்1 கேடயம் தடுக்கும். எதிரியைச் சுற்றி மஞ்சள் வளையம் வந்தால் கேடயம் விலகிவிடும், சிவப்பு வளையம் வந்தால் தடுக்கவே முடியாது, உருண்டு தப்புங்கள். இன்னொன்று, எதிரியின் உயிர்ப்பட்டை ஊதாவாக இருந்தால் இப்போது மோதாதீர்கள். பிறகு வரலாம்.

இப்போது ஏரி. நான் இந்த ஆட்டத்தை விரும்புவதற்குக் காரணம் ஒன்பதின் ஏரிதான். அதில் உலகத்தையே சுற்றிக் கிடக்கும் யொர்முன்காந்தர் என்ற பாம்பு இருக்கிறது. அது அசைந்து கொடுக்கும்போது ஏரியின் தண்ணீர் மட்டம் இறங்கும், அதுவரை மூழ்கிக் கிடந்த கரைகளும் கட்டடங்களும் வெளியே தெரியும். எங்கள் பக்கம் வத்தத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கும்போது, பார் என்கிற பாறைத்திட்டு தலைகாட்டுவது போலத்தான். கதை உங்களை மலைக்குப் போ, கோயிலுக்குப் போ என்று இழுக்கும். தண்ணீர் இறங்கினால் படகைத் திருப்பி ஒரு சுற்று வாருங்கள். முதல்முறை நான் செய்யாதது இதுதான். மலை உச்சியில் மீமிரின் தலை கிடைத்த பிறகு படகுப் பயணத்தின் சுவையே மாறிவிடும். தலை இடுப்பில் தொங்கிக்கொண்டே ஓடின், தோர் என்ற நார்ஸ் கடவுள்கள், பூதங்கள் என்று கதை சொல்லிக்கொண்டு வரும். நடுவில் கரையேறினால் கதை அறுந்துவிடும். திரும்பப் படகில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கதை முடியும்வரை கரைக்குப் போகாமல் துடுப்பு போடுங்கள்.

ஒரு ராத்திரி அப்பா வாசலில் வலையோடு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாம்பைப் பற்றி 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து நூல்களில் உள்ள கதையை நான் சொன்னேன். தோர், ஹைமிர் என்ற பூதத்தோடு மீன்பிடிக்கப் போகிறான். காளை மாட்டின் தலையைத் தூண்டிலில் கோத்துப் போடுகிறான். பாம்பு கடித்துவிடுகிறது. தோர் இழுக்கிறான், படகே உடைகிற நிலை. பயந்துபோன ஹைமிர் கயிற்றை அறுத்துவிடுகிறான். அப்பா ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அறுத்ததுதான் சரி தம்பி. படகு போனா ஆள் போயிரும்.” அன்றிலிருந்து தினமும் வாசலிலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். க்ரேட்டோஸும் அதிகம் பேசமாட்டான், மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். தொடக்கத்தில் பையன் கலங்கி நிற்கும்போது, தோளில் வைக்கப் போன கையை வைக்காமல் திரும்ப எடுத்துக்கொள்வான். அந்த இடத்தை ஓட்டிவிடாதீர்கள். பின்னால் வருவதெல்லாம் அந்தக் கையைப் பற்றித்தான்.

ஏரியைச் சுற்றும்போது மூன்று முத்திரைகளை உடைத்துத் திறக்கும் நோர்னிர் பெட்டிகளை விடாதீர்கள். அவற்றிலிருந்து இதுன் ஆப்பிள் மூன்று சேர்ந்தால் உயிர் அளவு கூடும். சங்கிலியில் கட்டப்பட்ட மூன்று டிராகன்களை விடுவிப்பதும் செய்ய வேண்டிய வேலை. ஓடினின் காக்கைகள் 51 உண்டு. அதைத் தேடித் திரிய வேண்டாம், கண்ணில் பட்டால் கோடரி எறியுங்கள், போதும்.

ஆட்டத்தின் பலவீனங்களில் பெரியது ட்ரோல் என்கிற முரட்டுப் பூதங்கள். கையில் பெரிய கல்தூணோடு ஒரு ட்ரோல் வரும். அடுத்து நெருப்பு ட்ரோல், அப்புறம் பனி ட்ரோல். நிறம் மாறுகிறதே தவிர சண்டை ஏறக்குறைய ஒன்றுதான், சாகும் விதமும் ஒன்றுதான். தொடக்கத்தில் வாசல் கதவைத் தட்டிக்கொண்டு வருகிற அந்த ஒல்லி ஆளோடு நடக்கும் சண்டை அவ்வளவு பிரமாதமாக இருக்கும். அதற்கு ஈடாக நடுவில் வேறு எதுவும் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம். 2022இல் வந்த அடுத்த பாகம் ராக்னராக் இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டது.

கவசப் பட்டியலும் தலைவலிதான். வலிமை, ரூன், தற்காப்பு, உயிர், அதிர்ஷ்டம், காத்திருப்பு என்று ஆறு எண்களைக் காட்டி மண்டையைக் குழப்பும். முதல்முறை ஆடுகிறவர் தற்காப்பையும் உயிரையும் ஏற்றுங்கள், கிடைக்கிற ‘உறைந்த சுடர்’ என்ற பொருளைக் குள்ளக் கொல்லர்களான ப்ராக்கிடமோ சிண்ட்ரியிடமோ கொடுத்துக் கோடரியை உயர்த்துங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நிஃபில்ஹைம் என்ற நச்சுப் புகை உலகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே அறைகளுக்குத் திரும்பத் திரும்ப ஓடி எதையோ சேர்க்கும் வேலை. உயர்ந்த கவசம் வேண்டுமென்றால் போங்கள்.

ஆனால் வால்கிரிகள் என்ற சிறகுள்ள போர்ப்பெண்களை விடாதீர்கள். கதை முடிந்த பிறகு போனால் போதும். எட்டுப் பேரை வென்றால் ஒன்பதாவதாக அவர்களின் ராணி சிக்ரூன் வருவாள், எட்டுப் பேரின் அடியும் அவள் ஒருத்தியிடம் இருக்கும். ஆட்டத்தில் ஆகக் கடினமான, ஆக நேர்மையான சண்டை அது. தோற்றால் எதனால் தோற்றோம் என்று ஒவ்வொரு முறையும் தெரிந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி கன்ட்ரோலரைக் கைமாற்றி, விடியற்காலை நாலு மணிக்கு முடித்தோம்.

எல்லாம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடியதும் வட்டை எடுத்துவிடாதீர்கள். ஆட்டம் தொடரும். தொடங்கிய இடத்திலிருக்கும் மரவீட்டுக்கு அப்பனையும் மகனையும் திரும்பக் கூட்டிப்போங்கள். உள்ளே கட்டில் இருக்கும். படுக்கச் சொல்லும் குறி வரும், அதை அழுத்துங்கள்.