ஆன் ஆகும்போதே கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறதா? எந்த இடத்தில் விழுகிறது என்று முதலில் பாருங்கள்

பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றுகிறது, லோகோ வருகிறது, அதற்குமேல் நகர மறுக்கிறது. இல்லையென்றால் விண்டோஸ் விழும்போது வரும் நீலத்திரை (புதிய விண்டோஸ் 11இல் அது கறுப்பு) ஒரு நொடி மின்னிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த நிலையில் பலரும் எடுத்த எடுப்பில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். கெட்டது ரேமோ எஸ்எம்பிஎஸ்ஸோ (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்றால் புது விண்டோஸும் அதே இடத்தில்தான் விழும். இதற்கிடையில் உங்கள் ஃபைல்கள் போயிருக்கும்.

முதலில் செல்போனில் வீடியோ மோடைப் போட்டு, பட்டனை அழுத்தும் நொடியிலிருந்து விழும் நொடிவரை திரையைப் பதிவு செய்யுங்கள். மின்னி மறையும் நீலத்திரையில் உள்ள எழுத்தை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படித்துவிடலாம். எத்தனையாவது நொடியில் விழுகிறது என்பதும் தெரியும். லோகோ வருவதற்கு முன்பா, லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுழலும்போதா, பாஸ்வேர்டு கொடுத்த பிறகா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பெருமளவு சுருங்கிவிடும்.

அடுத்து கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பென் டிரைவ், பிரின்டர், வெளி ஹார்ட் டிஸ்க், வெப்கேம். மறந்துபோய்ச் செருகியே வைத்த ஒரு பென் டிரைவிலிருந்து பூட் ஆக முயன்று நின்றுபோகும் கணினிகள் நிறைய உண்டு. யுபிஎஸ் வழியாக இணைத்திருந்தால், ஒருமுறை சுவர் பிளக்கில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள்.

லோகோவுக்கு முன்பே நின்றால்

இந்தக் கட்டத்தில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அதனால் கோளாறு பெரும்பாலும் வன்பொருளில்தான். கேபினெட்டைத் திறந்து மதர்போர்டின் ஓரத்தைப் பாருங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். விளக்கு இல்லாத போர்டில் பீப் ஒலியை எண்ணி, போர்டின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பயாஸுக்குப் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அர்த்தம் மாறும், பொதுப் பட்டியலை நம்ப வேண்டாம்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 20 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களை மென்மையான வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள் ஒன்றும் ஒட்டியிராமல் துடையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் அது இன்னும் நல்லது. பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் சரியான இடம். கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். பாதி உட்கார்ந்த ரேம், கெட்ட ரேமைப் போலவே நடந்துகொள்ளும்.

ஆன் ஆன சில நொடிகளில் பட்டென்று மொத்தமாக அணைந்தால் ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கைக் கவனியுங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் பழைய வகைக் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. அதில் ஒன்று எழும்பியிருந்தாலும் கூலர் ப்ராசஸரோடு ஒட்டாது. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் ப்ராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொரிந்திருந்தால் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள்.

அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். கணினிக்கு அதிக மின்சாரம் தேவைப்படும் தருணங்களில் ஒன்று இந்தத் தொடக்கம்தான்: 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். முதுமை தட்டிய எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில் தடுமாறும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பழைய நான்கு ஊசி மோலெக்ஸ் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்து, கணினி எழும்போதே அளந்து பாருங்கள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். அதற்கு வெளியே போனால் மாற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

லோகோ வந்து, புள்ளிகள் சுழலும்போது விழுந்தால்

இங்கேதான் டிரைவர், டிஸ்க், அப்டேட், ரேம் எல்லாமே சந்தேக வளையத்துக்குள் வருகின்றன. எதையும் தொடும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதி) பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும். வேறு சாதனத்திலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் ஒரு மாற்றம் செய்ததுமே அந்தச் சாவியைக் கேட்டு விண்டோஸ் நின்றுவிடலாம்.

புள்ளிகள் சுழலும்போது பவர் பட்டனை 10 நொடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் எண்களோடு ஒரு பட்டியல் வரும். 9ஐ அழுத்தினால் விழுந்ததும் தானே ரீஸ்டார்ட் ஆவது நிற்கும், நீலத்திரையை நிதானமாகப் படிக்கலாம். 4ஐ அழுத்தினால் சேஃப் மோட்.

சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்கள் மட்டுமே ஏறும். அதில் கணினி நிலையாக ஓடினால், புதிதாக வந்த ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். 2024 ஜூலை 19 அன்று உலகமெங்கும் விமான நிலையங்களும் வங்கிகளும் முடங்கியது இதற்குப் பெரிய உதாரணம். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான ஓர் அப்டேட் ஃபைல், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைத் தொடக்கத்திலேயே விழ வைத்தது. தீர்வு, சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழிப்பது. உங்கள் கணினிக்கும் அதே வழிதான்: கடைசியாகப் போட்ட ஆன்டிவைரஸை நீக்குங்கள், டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் டிரைவரை 'ரோல் பேக்' செய்து முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள். சேஃப் மோடே வரவில்லை என்றால் மீட்புத் திரையில் உள்ள 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', அதன்பிறகு 'சிஸ்டம் ரீஸ்டோர்'. ரீஸ்டோர் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தொடாது. அந்த ரீஸ்டோர் தேதிக்குப் பின் போட்ட புரோகிராம்கள், டிரைவர்கள், அப்டேட்கள் மட்டும் போகும்.

நீலத்திரையில் இருக்கும் பெயர் வழி காட்டும். 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்றால் விண்டோஸுக்கு டிஸ்க் கண்ணில் படவில்லை. இதற்குப் பின்னால் சில நேரம் இருப்பது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்ததும் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க்கோடு பேசும் முறை பயாஸில் ஏஎச்சிஐ, ரெய்டு, விஎம்டி என்று எதில் இருந்ததோ அது மாறிப்போக, விண்டோஸ் விழும். பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் இதுவேதான். 3 வோல்ட் பேட்டரியை மாற்றி, பழைய முறையைத் திரும்ப வையுங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றால் கிராஃபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர். 'வீயா அன்கரெக்டபிள் எரர்' வன்பொருளின் குரல்: சூடு, வோல்டேஜ், ஓவர்கிளாக் (வரையறையைத் தாண்டிய வேகத்தில் ஓட்டுவது). பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆனில் இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை வந்தால் மறுபடி ரேமைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி நான்கு சுற்றும் முடியும்வரை ஓட விடுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், 'கொஞ்சம்தானே' என்று விடக் கூடாது. பிறகு அதே ரேமை வேறு ஸ்லாட்டில் சோதியுங்கள். பிழை ரேமோடு கூடவே போனால் ரேம் கெட்டது. ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டு.

டிஸ்க் விஷயத்தில் வரிசை முக்கியம்: முதலில் நகல், பிறகுதான் பழுது பார்ப்பது. உபுன்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு, முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். அங்கேயே 'டிஸ்க்ஸ்' என்ற கருவியில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் முறை) விவரம் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கில், கெட்ட பகுதிகளைக் கணக்கிடும் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே பூஜ்யம் இருக்க வேண்டும். 197 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்கு நாள் எண்ணப்படுகிறது. அதன்மேல் விண்டோஸின் டிஸ்க் சோதனையான 'செக்டிஸ்க்'கை முழுப் பரப்புக்கும் ஓடவிட்டால், மிச்சமிருக்கும் உயிரையும் அதுவே எடுத்துவிடக்கூடும். 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் வந்தபிறகு விழுந்தால்

சேஃப் மோடில் 'எம்எஸ்கான்ஃபிக்'கைத் திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மீதியில் பாதியை அணையுங்கள். விழுவது நின்றால் குற்றவாளி அந்தப் பாதியில். அதையும் இரண்டாகப் பிரியுங்கள். நான்கைந்து ரீஸ்டார்ட்டில் பிடித்துவிடலாம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலுக்கும் இதே முறை.

ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் விழுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் விழுவதில்லை என்றால் காரணம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆக இருக்கலாம். ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் கர்னலையும் (அதன் மையப் பகுதி) டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் சேமித்து, அடுத்த முறை அதையே திரும்ப ஏற்றுகிறது. கெட்ட நிலையும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாக ஏறும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடலாம்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று கண்டதும் புது எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. அதன் விவரத்தில் 'பக்செக் கோடு' பூஜ்யமாக இருந்தால் நீலத்திரை பதிவாகாமலே மின்சாரம் போயிருக்கிறது அல்லது கணினி உறைந்திருக்கிறது; அப்போது எஸ்எம்பிஎஸ், சூடு இரண்டையும் பாருங்கள். வேறு எண் இருந்தால் அது நீலத்திரையின் எண், அதைத் தேடுங்கள்.

ரேமும் டிஸ்க்கும் தேறி, ஃபைல்களும் நகலெடுத்த பிறகு தாராளமாக விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வையுங்கள், தவறான டிஸ்க் அழியாது. புது விண்டோஸ் ஏறும்போதே பாதியில் விழுந்தால், திரும்பவும் கேபினெட்டைத் திறந்து ரேமிலிருந்து தொடங்குங்கள்.