அட்டனில் இருந்துகொண்டே பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பொருள் வழங்குவது எப்படி?

பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் அபிவிருத்தி நிலையம் ஹோமாகம, பிட்டிபனயில் இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே "அதெல்லாம் கொழும்புப் பெரிய கம்பனிகளுக்கு" என்று நம் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கும் கடதாசி, டோனர், வயர், பெயின்ற், ஆணி, தகடு, மின்னணு உதிரிப்பாகம் எல்லாம் வேண்டும். அட்டனிலோ பண்டாரவளையிலோ ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர் தாராளமாகக் கொடுக்கக்கூடிய பொருட்கள் இவை. விலை சரியாக இருந்தும், ஒரு பத்திரம் குறைந்ததால் அல்லது அரை மணி நேரம் பிந்தியதால் விலைமனு விழுந்துபோவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் அந்த இடங்களை விரிவாகச் சொல்கிறேன்.

1. வியாபாரப் பெயரைப் பதியுங்கள்

தனியாகவோ பங்காளியோடு சேர்ந்தோ செய்தால் பிரதேச செயலகத்தில் பதியலாம். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, கடை இருக்கும் இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். கம்பனியாகவே தொடங்க விரும்பினால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளரிடம் போக வேண்டும். தொடக்கத்துக்கு வியாபாரப் பெயர்ப் பதிவே போதும் என்பது என் கருத்து.

நுவரெலியா மாவட்டத்தில் அன்று இருந்த பிரதேச செயலகப் பிரிவுகளும், பதுளை மாவட்டத்தில் பண்டாரவளை, அப்புத்தளை போன்றவையும் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. விண்ணப்பத்தைத் தமிழில் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் உங்கள் வியாபாரப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பதிவிலும் வங்கிக் கணக்கிலும் வரி இலக்கத்திலும் ஒன்றுபோலவே இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு சத்தியக்கடதாசி, கடிதம் என்று அலைய நேரும்.

2. முகவரியைச் சரிசெய்யுங்கள்

நம் தோட்டத்து ஆட்களுக்கே உரிய சிக்கல் இது. லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) இருப்பவர்களில் பலருக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. விலைகோரல் கடிதத்துக்குப் பதில் கொடுக்கச் சில நாட்களே இருக்கும்போது, கடிதம் அலுவலக மேசையில் கிடந்தால் வாய்ப்பு போய்விடும். இடத்தின் உரிமையைக் காட்டுவதும் தோட்டத்து வீட்டில் சிரமம்.

ஆகவே டவுனில் ஒரு சிறு அறையை எழுத்துமூல ஒப்பந்தத்தோடு வாடகைக்கு எடுங்கள், அல்லது டவுனில் கடை வைத்திருக்கும் உறவினரோடு பங்காளியாகச் சேருங்கள். வியாபாரத்துக்கென்று தனி மின்னஞ்சலும், மாறாத ஒரு தொலைபேசி இலக்கமும் வைத்திருங்கள். செலவுதான், ஆனால் இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

3. வரி இலக்கமும் வங்கிக் கணக்கும்

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் டின் நம்பர் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) எடுங்கள். வியாபாரப் பெயரில் நடைமுறைக் கணக்கு திறவுங்கள். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இருந்தால் விலையில் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். பதிவு இல்லாதவர் வற் அறவிடக் கூடாது.

4. வழங்குநர் பட்டியலில் சேருங்கள்

அடுத்த ஆண்டுக்கான வழங்குநர் பதிவுக்கு அரச நிறுவனங்கள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் விளம்பரம் போடும். நாளிதழ்கள், வெள்ளிக்கிழமை வர்த்தமானி, பாதுகாப்பு அமைச்சின் இணையத்தளம், அரசின் இலத்திரனியல் பெறுகைத் தளமான 'ப்ரொமிஸ்' ஆகியவற்றைப் பார்த்துவாருங்கள். பொருட்கள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வகை ஒவ்வொன்றுக்கும் திருப்பித் தராத கட்டணம் இருப்பது வழக்கம். கையில் சரக்கும் அனுபவமும் உள்ள ஓரிரண்டு வகைகளை மட்டும் தெரிவுசெய்யுங்கள்.

பட்டியலில் சேர்ந்தவுடன் ஓடர் வந்துவிடாது. சிறிய கொள்வனவுகளுக்கு அந்தப் பட்டியலில் உள்ள சிலரிடம் விலை கேட்பார்கள், அவ்வளவுதான்.

5. விலைமனுவைப் பிழையில்லாமல் கொடுங்கள்

விபரக்குறிப்பை வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் பொருளின் வர்த்தகக்குறி, மாதிரி, தயாரித்த நாடு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதுங்கள். "ஆம்" என்று மட்டும் போட்டால் தொழில்நுட்பக் குழு மதிப்பிட வழியில்லை. விலை செல்லுபடியாகும் நாட்களை அவர்கள் கேட்ட அளவுக்கே கொடுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையொப்பமும் முத்திரையும் இடுங்கள். மூலப்பிரதி, இரண்டாம் பிரதி என்று கேட்டிருந்தால் இரண்டையும் தனித்தனி உறையிலிட்டு, பிறகு பெரிய உறையில் போட்டு, இடது மேல் மூலையில் கேள்வி (டென்டர்) இலக்கத்தை எழுத வேண்டும்.

முடிவு நேரம் தாண்டினால் உறையைத் திறக்கவே மாட்டார்கள். அட்டனில் இருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்கி, அங்கிருந்து ஹைலெவல் வீதியில் ஹோமாகம போகலாம். மழைக்காலத்தில் அந்த வீதியில் மண்சரிந்தால் எத்தனை மணிக்குப் போய்ச்சேர்வோம் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல்நாளே கொண்டுபோய்க் கொடுங்கள், இல்லாவிட்டால் சில நாட்கள் முன்னதாகவே பதிவுத்தபாலில் அனுப்புங்கள்.

6. பெரிய தொகையும் கட்டுப்பாடுள்ள பொருளும்

கேள்வியின் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால், 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டப்படி பதிவு செய்து, அதன் சான்றிதழையும் இணைக்க வேண்டும். பிணைமுறி (விலைமனுவுக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதம்) கேட்டிருந்தால் வங்கியில் முன்கூட்டியே பேசுங்கள். அன்றன்று போய் வாங்கக்கூடியது அல்ல. வானொலி அலைவரிசையில் இயங்கும் கருவிகளை விற்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். புதியவர்கள் இந்த வகையை இப்போதைக்குத் தொடாமல் இருப்பது நல்லது.

7. ஓடர் கிடைத்த பின்

பாதுகாப்பு வளாகம் என்பதால், வாகன இலக்கத்தையும் வருபவர்களின் அடையாள அட்டை இலக்கங்களையும் முன்னதாகவே கொடுத்து, உள்ளே வர அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்த அதே மாதிரியைத்தான் இறக்க வேண்டும். சரக்குத் தீர்ந்து வேறொன்று கொடுக்க நேர்ந்தால் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பொருளைப் பரிசோதித்து ஏற்ற பின்தான் கொடுப்பனவுக்குப் போகும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். வட்டிக்கு வாங்கிய காசில் முதல் ஓடரைச் செய்யாதீர்கள். பொருளைப் பொறுப்பேற்ற அலுவலர் கையொப்பமிட்ட விநியோகச் சீட்டின் பிரதி ஒன்றை விலைப்பட்டியலோடு உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பனவு பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.